பிழையில்லாத இங்கிலீஷ்

தொலைபேசி மணி அடித்தால் ஜெபநேசனுக்குப் பயம். ஆனால் மணி அடித்ததும் எடுத்துப் பேசுவதுதான் அவருடைய வேலை.

இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில், ஆம்புலன்ஸ் கேட்டு மக்கள் கூப்பிடும் மையம் அது. ஜெபநேசன் குழித்துறைக்காரர். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். மனைவி ஸ்டெல்லாவுக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்ததால், நாற்பத்தொன்பதாவது வயதில் அவரும் கூடவே வந்தார். மையத்தின் எழுத்துத் தேர்வில் அவருக்குத்தான் முதல் மதிப்பெண்.

முதல் நாள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, மற்றவர்கள் பேசும் அழைப்புகளைக் கேட்டார். பத்து நிமிஷத்தில் அவருடைய சட்டை நனைந்துவிட்டது. ஒரு வாக்கியம்கூட முழுசாகப் பிடிபடவில்லை.

அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் வதனி. அவரைவிட ஏழு வயது இளையவர். பருத்தித்துறையில் பிறந்து, பதினாறு வயதில் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர். ஜெபநேசன் அவரை டீச்சர் என்று கூப்பிட்டார். அவர் ஜெபநேசனை அண்ணை என்றார்.

"டீச்சர், இது என்ன இங்கிலீஷ்?"

"இவையின்ர இங்கிலீஷ்."

"எனக்கு ஒண்ணும் வெளங்கல்ல."

"இருந்து கேளுங்கோ."

அவர் இருந்து கேட்டார். ஒரு நோட்டு வாங்கி, தெரியாத சொற்களை எழுதிக்கொண்டார். 'பேர்ன்' என்றால் குழந்தை. 'கான்' என்றால் போ. 'வோர்' என்றால் எங்கள். 'பெட்' என்றால் செல்லமே. ஆறு வாரத்தில் நூற்றெழுபது சொல் சேர்ந்தது. தெரிந்த சொற்களை அவர் எழுதவில்லை.

ஏழாவது வாரம் வதனி சொன்னார்: "இண்டையில இருந்து நீங்கள் தனிய எடுங்கோ. நான் ரெண்டு மேசை தள்ளித்தான் இருப்பன்."

ஜனவரி மாதம், மத்தியானம் இரண்டு மணி. ஒரு வயதான பெண் கூப்பிட்டாள். பெயர் டோரதி ஹெட்லி. முகவரியைத் தெளிவாக, எழுத்துக்கூட்டிச் சொன்னாள். மலையடிவாரத்தில் ஓர் ஆட்டுப்பண்ணை. ஜெபநேசன் முகவரியைத் தட்டி முடிப்பதற்குள், பின்னால் இருந்தவர்கள் ஆம்புலன்ஸை அனுப்பிவிட்டார்கள்.

"என்ன நடந்தது?" என்று கேட்டார்.

"வோர் ஆலன்ஸ் இன் த பெர்ன்!"

எங்கள் ஆலன் என்கிறாள். புருஷனாக இருக்கும். பெர்ன் என்றால் தீக்காயம். அதை அவர் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுத்திருக்கிறார். 'இன்' என்ற சொல் மட்டும் இடறியது. தீக்காயத்துக்குள் ஒருவர் எப்படி இருக்க முடியும்? பதற்றத்தில் இலக்கணத்தைத் தவறவிடுகிறாள் என்று நினைத்தார். மனசுக்குள்ளேயே அவளுடைய வாக்கியத்தைத் திருத்திக்கொண்டார்.

"உடம்பில் எவ்வளவு பகுதி?"

"முழுசும்! தலை மட்டும்தான் வெளியே தெரியுது!"

உடம்பு முழுக்கத் தீக்காயம் என்று திரையில் தட்டினார்.

"அம்மா, கவனமாகக் கேளுங்கள். காயத்தின் மேல் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இருபது நிமிஷம்."

அவள் அலறினாள்.

"ஓடுற தண்ணிக்குள்ளேதானே கிடக்கான்!"

அடுத்து என்ன சொன்னார் என்பது ஜெபநேசனுக்கே நினைவில்லை. அதற்குள் வதனி ஓடிவந்து தன் ஹெட்செட்டை அவருடைய தொலைபேசிப் பெட்டியில் சொருகிவிட்டார்.

வதனியின் வாயிலிருந்து வந்தது டோரதியின் இங்கிலீஷ். பெட் என்று கூப்பிட்டார். ஓடையில் எந்த இடம் என்று கேட்டார். அந்தப் பக்கத்தில் பெர்ன் என்றால் ஓடை. ஆடு ஒன்று பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரில் இறங்கியிருக்கிறது. ஆலன் அதைப் பிடிக்கப் போய் விழுந்து, ஒரு மரவேரைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார். வதனி ஒரு கையால் மீட்புப் படையைக் கூப்பிட்டுக்கொண்டே பேசினார்.

"நீ இறங்காதே, பெட். என்ன நடந்தாலும் இறங்காதே. அவரோட பேசிக்கிட்டே இரு. நான் இங்கேயே இருக்கேன்."

டோரதி போனைக் கரையில் வைத்துவிட்டாள். தண்ணீரின் இரைச்சல் கேட்டது. அதற்கு நடுவே ஆலன், ஆலன் என்ற குரல். பதினொரு நிமிஷம் ஜெபநேசன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் பல ஆண்களின் குரல். யாரோ போனை மிதித்துவிட்டார்கள் போல. தொடர்பு அறுந்தது.

அதற்கு மேல் எதுவும் கேட்காது. இந்த வேலை அப்படித்தான்.

மறுநாள் காலை ஜெபநேசன் ஒரு கடிதத்தோடு வந்தார்.

"நான் போகுதேன், டீச்சர்."

"ஆள் இருக்கிறார், அண்ணை. ஆசுப்பத்திரியில. ரெண்டு விரலை எடுத்துப்போட்டினம். உயிருக்கு ஒண்டுமில்லை."

"என்னாலதானே?"

வதனி பூசி மெழுகவில்லை. "மீட்புப் படைக்கு ஐம்பத்திரெண்டு விநாடி பிந்தித்தான் தகவல் போனது. விரல் அதாலதான் போச்சோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

ஜெபநேசன் நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளே இருந்த பயம் கோபமாக வெளியே வந்தது.

"இவங்க ஏன் இப்பிடிப் பேசுதாங்க? உயிர் போற நேரத்திலயாவது ஒழுங்கா வெளங்குற மாதிரி பேசினா என்ன?"

வதனி கணினியைத் தன் பக்கம் திருப்பினார். நேற்றைய அழைப்பின் பதிவைப் போட்டார். ஜெபநேசன் கண்களை மூடிக்கொண்டார். பெர்ன் என்ற இடம் வரும், தன் மானம் போகும் என்று காத்திருந்தார். வதனி முதல் அரை நிமிஷத்தோடு நிறுத்தினார். டோரதி முகவரி சொல்லும் இடம்.

"இது விளங்கினதோ?"

"வெளங்கிச்சு. நல்ல இங்கிலீஷாக்கும்."

மறுபடி ஓடவிட்டார். என்ன நடந்தது என்று ஜெபநேசன் கேட்கும் இடம். டோரதி மூச்சை உள்ளே இழுக்கிறாள். அந்த மூச்சுக்குப் பிறகு வருவது வேறொரு பெண்ணின் குரல் போல இருந்தது.

"இந்த மூச்சுக்குள்ள அவ எங்க போனவ?"

ஜெபநேசன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு. கேளுங்கோ."

ஓடுற தண்ணிக்குள்ளேதானே கிடக்கான் என்ற அலறல். அதற்குப் பிறகு ஓர் ஆணின் குரல். மேலும் கீழும் ஏறி இறங்கும் இங்கிலீஷ், சொற்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, நடுவில் இரண்டு தடவை 'மக்களே, மக்களே' என்று.

அது தன் குரல் என்று புரிய ஜெபநேசனுக்குச் சற்று நேரம் ஆயிற்று. குழித்துறையில் பெரியவரையும் சின்னவரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வடக்கு இங்கிலாந்தில், ஆட்டுப்பண்ணை நடத்தும் ஒரு கிழவியை அவர் மக்களே என்று கூப்பிட்டிருக்கிறார்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கடிதத்தைத் திங்கக்கிழமை தாங்கோ. சனிக்கிழமை பகல் என்னோட ஒருக்கா வாங்கோ" என்றார் வதனி.

சனிக்கிழமை வதனி காரை ஓட்டினார். வழியெல்லாம் பனி. ஒரு சின்னப் பாலத்தின் பக்கத்தில் நிறுத்தினார். பலகையில் ஓடையின் பெயர் இருந்தது. பெயரின் கடைசியில் பெர்ன்.

ஜெபநேசன் அந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இறங்கி வாங்கோ."

இருவரும் கரையில் குந்தினார்கள். தண்ணீர் கறுப்பாக, வேகமாக ஓடியது. வதனி கையுறையைக் கழற்றி, கையைத் தண்ணீருக்குள் விட்டார். ஜெபநேசனும் விட்டார். மறு கணமே வெளியே இழுத்தார்.

"வையுங்கோ."

மறுபடி வைத்தார். வதனி மறு கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் எரிந்தது. பிறகு எலும்புக்குள் வலி ஏறியது. பிறகு, கை தன்னுடையதுதானா என்ற சந்தேகம் வந்தது. அப்போதுதான் அவருக்குப் பயம் பிடித்தது. வலித்தபோது வராத பயம்.

"எடுங்கோ. ஐம்பத்திரெண்டு."

இருவரும் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்கள். வதனியின் உதடும் நீலமாகியிருந்தது.

"அண்ணை, அந்தச் சொல்லு உங்களுக்குப் பொருந்தேல்லை எண்டு எப்ப தெரிஞ்சது?"

"கேட்ட உடனே."

"பிறகேன் அவவிட்டக் கேக்கேல்ல?"

ஜெபநேசன் ஓடையைப் பார்த்தார். "நான் இருபத்திரெண்டு வருஷம் இங்கிலீஷ் வாத்தியாரு, டீச்சர். அவங்கதான் தப்பாப் பேசுதாங்கன்னு நெனச்சேன்."

வதனி கரையிலிருந்து மேலே ஏறினார். காரை எடுத்தார்.

தெற்கே போனார்கள். பெரிய ஆறு ஒன்றைக் கடந்தார்கள். மறுபடி ஒரு சின்னப் பாலம், மறுபடி ஓர் ஓடை. பலகையில் இருந்த பெயரின் கடைசியில் பெக் என்று இருந்தது.

"அங்க பெர்ன். இங்க பெக். ரெண்டும் ஓடையா?"

"ஓம்."

"ஓடைக்கு எதுக்கு ரெண்டு பேரு?"

"ஆத்துக்கு வடக்க இருந்தவை முந்தியே வந்த ஆக்கள். ஆயிரம் வருசத்துக்கு முந்தி வேற ஆக்கள் கடல் தாண்டிக் கப்பல்ல வந்து இந்தப் பக்கம் இறங்கிச்சினம். கத்தியோட வந்தவையெண்டு சொல்லுவினம். பயத்தில கொஞ்சப் பேர் ஓடிச்சினம். கொஞ்சப் பேர் கலியாணம் கட்டிச்சினம். பிள்ளையள் தகப்பன் சொன்ன பெக்கைச் சொல்லிச்சுதுகள்."

"எது சரி?"

"கையை விட்டுப் பாருங்கோ."

ஜெபநேசன் கையைக் கக்கத்திலிருந்து எடுக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் ஒரு பழைய நிலக்கரிச் சுரங்க ஊரில் ரொட்டி வாங்க நின்றார்கள். கடை வாசலில் ஒரு கிழவர் ஜெபநேசனிடம் ஏதோ சொன்னார். சொற்கள் சின்னச் சின்னதாக, சுத்தியலால் அடித்தது போல விழுந்தன. ஜெபநேசன் வழக்கம்போலச் சிரித்துத் தலையாட்டப் போனார். பிறகு நிறுத்திக்கொண்டார்.

"மன்னிக்கணும், ஐயா. நீங்கள் சொன்னது எனக்கு விளங்கவில்லை."

கிழவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஜெபநேசனின் காது சூடாயிற்று. கிழவர் மறுபடி, மெதுவாகச் சொன்னார். காலணியில் பனிக்கட்டி ஒட்டியிருக்கிறது, உள்ளே போனால் வழுக்கும்.

காரில் ஏறியதும் வதனி சொன்னார்: "சுரங்கத்துக்க முப்பது வருசம் நிண்டவர். நாலு ஊர்ச் சனம் ஒரு குழிக்குள்ள இறங்கி வேலை செய்தது. கூரை இடியேக்க நீளமான சொல்லுக்கு நேரமில்லை."

திங்கட்கிழமை ஜெபநேசன் கடிதத்தைக் கொடுக்கவில்லை. பயம் போகவில்லை. ஆனால் விளங்காத சொல் வந்தால், விளங்கவில்லை என்று சொன்னார். சிலர் திட்டினார்கள். ஒருவன், இங்கிலீஷ் தெரிந்த ஆளைக் கூப்பிடு என்றான். ஜெபநேசன் அந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு, "உங்களைச் சுற்றி என்ன தெரிகிறது, சொல்லுங்கள்" என்றார். வலி கூடக் கூட, மறுமுனையில் ஊர்ப் பேச்சு தடித்துக்கொண்டே போவதை அவருடைய காது கண்டுகொண்டது. பேச்சு தடித்தால் ஆபத்து அதிகம். பேச்சு தெளிந்தால் ஆள் தேறிவருகிறார். அவர் அப்படித்தான் புரிந்துவைத்திருந்தார்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள், காலை பதினொரு மணி.

"வணக்கம். தொந்தரவு கொடுத்ததற்கு மன்னியுங்கள். கை தவறி இந்த எண்ணை அழுத்திவிட்டேன். இங்கே எல்லோரும் நலமாக இருக்கிறோம்."

இளம்பெண்ணின் குரல். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, நிறுத்தி, முழுசாக வந்தது. ஜெபநேசன் கரும்பலகையில் எழுதிப்போட்டு, பிள்ளைகளை வாசிக்கச் சொல்லும் இங்கிலீஷ். வந்த நாளிலிருந்து அவர் இப்படி ஒரு குரலைக் கேட்டதில்லை. மனசு லேசானது. தொடர்பைத் துண்டிக்கும் பொத்தான் மேல் விரல் போயிற்று.

விரல் அங்கேயே நின்றது.

வீட்டு போன் என்பதால் முகவரி திரையில் தெரிந்தது. அவர்கள் ரொட்டி வாங்க நின்ற அதே சுரங்க ஊர். அந்த ஊரில் யாரும் அவரிடம் இப்படிப் பேசியதில்லை.

வதனியைத் தேடினார். அவர் அறையின் மறுகோடியில் வேறொரு அழைப்பில் இருந்தார்.

"உங்கள் பெயரைச் சொல்ல முடியுமா?"

"நிச்சயமாக. என் பெயர் ஜோன் ராப்சன்."

பின்னணியில் டிவி இல்லை. நாய் இல்லை. போனுக்கு மிக அருகில் ஒரு மூச்சு மட்டும் கேட்டது. அது அவளுடைய மூச்சு அல்ல. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதும் அது கேட்டது.

ஜெபநேசன் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"நான் கேட்பதற்கு ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள். பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா?"

"ஆமாம். அது சரிதான்."

"அவரால் உங்களுக்கு ஆபத்தா?"

"ஆமாம். மிக்க நன்றி."

போலீசுக்கான பொத்தானை அழுத்தினார். இப்போது போனை வைத்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று தெரியவில்லை. வைக்காவிட்டாலும் தெரியவில்லை. அந்த மூச்சுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார்.

"அம்மா, தவறிப்போய் அழைத்தாலும் நான் ஒரு படிவம் நிரப்பியாக வேண்டும். இங்கே அது விதி. உங்கள் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள்."

அப்படி ஒரு படிவமே கிடையாது. அவள் எழுத்துக்கூட்டினாள். தெருப் பெயரை எழுத்துக்கூட்டினாள். பிறந்த தேதி சொன்னாள். ஜெபநேசன் வேண்டுமென்றே தவறாகத் திருப்பிச் சொன்னார். அவள் பொறுமையாகத் திருத்தினாள். எந்தக் கேள்வியும் மிச்சமில்லாமல் போனபோது, போனை எந்த அறையில் வைத்திருக்கிறீர்கள், அது என்ன நிறம் என்று கேட்டார். திரையில் நாலு நிமிஷம் ஓடியிருந்தது.

"வை அதை" என்றது ஓர் ஆண்குரல்.

தொடர்பு போயிற்று.

ஜெபநேசன் வெறும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை, வதனி பின்னால் நின்றுகொண்டிருந்தார். ஹெட்செட்டைக் கழற்றியது அவர்தான்.

"எனக்குத் தப்பாப் பட்டிருக்குமோ, டீச்சர்? நல்லாத்தானே பேசினா. போலீஸ் போய்க் கதவைத் தட்டி, அதுனால அவளுக்கு ஏதாவது ஆயிட்டா?"

"இருங்கோ" என்றார் வதனி. ஒரு கிளாஸ் தண்ணீரை அவர் முன்னால் வைத்தார்.

மத்தியானம் இரண்டு மணிவரை எந்தத் தகவலும் இல்லை. ஜெபநேசன் அதற்கிடையில் எட்டு அழைப்புகளை எடுத்தார். ஒன்றும் அவர் நினைவில் நிற்கவில்லை. பிறகு வதனி ஒரு போன் பேசிவிட்டு வந்து, அவரைச் சாப்பாட்டு அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அந்த வீட்டுக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. போலீஸ் உடைத்துக்கொண்டு நுழைந்தது. ஜோனின் இடது கை ஏற்கெனவே முறிந்திருந்தது. முறிந்த கையோடுதான் அவள் அத்தனை எழுத்தையும் கூட்டியிருக்கிறாள். புருஷன் சமையலறையில் கத்தியோடு நின்றிருந்தான். அவனைப் பிடித்துவிட்டார்கள். அவள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், பிழைத்துவிட்டாள்.

"அந்தத் தெருவில பிறந்து வளர்ந்த பிள்ளையாம். ஆம்புலன்ஸில ஏத்திக் கதவைச் சாத்தின பிறகுதான் வாய் திறந்து அழுதவளாம். அவள் கதைச்சதில பாதி, கூட இருந்த பொலிசுக்கே விளங்கேல்லையாம்."

ஜெபநேசன் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். வதனி எழுந்து போனார். இரண்டு கோப்பைத் தேநீர் போட்டு, ஒன்றை அவர் பக்கம் தள்ளினார்.

"டீச்சர்."

"சொல்லுங்கோ."

"பயந்தா ஊர்ப் பேச்சு வரும்னு நான் நெனச்சேன். எனக்கும் அப்பிடித்தானே வந்துது. இவளுக்கும் அந்தப் பயம் இருந்திருக்கும். பின்ன எதுக்கு ஒரு சொல்லு கூட வரல்ல?"

வதனி கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். பேசும்போது திரும்பவில்லை.

"இங்க வாறதுக்கு விசா வரும்வரைக்கும் நாங்கள் நாலு மாசம் கொழும்பில நிண்டனாங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை எனக்குக் கொஞ்சம் சிங்களம் சொல்லித் தந்தவள். நான் வாய் திறந்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவ்வளவு பிழை."

ஜெபநேசன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஒரு நாள் ஆமிக்காரர் பஸ்ஸை மறிச்சு, என்னை மட்டும் இறக்கினவங்கள். பேர் கேட்டவங்கள். எங்க இருந்து வாறாய் எண்டு கேட்டவங்கள். அரை மணித்தியாலம் கேட்டவங்கள்."

தேநீரில் ஒரு வாய் குடித்தார்.

"அண்டைக்கு நான் கதைச்ச சிங்களத்தில ஒரு பிழையும் இருக்கேல்ல, அண்ணை."